நேர்முகத் தேர்வு முடிந்து நான்கு வாரம், பதில் இல்லை: தாதி ஒருவரின் கடிதத்துக்கு ஆலோசனை

திருகோணமலை மாவட்டத்தின் கரையோரக் கிராமமொன்றிலிருந்து எழுதியிருக்கும் இந்த வாசகிக்கு வயது 27. மூன்றாண்டுத் தாதியப் பயிற்சியை முடித்து, இலங்கைத் தாதியர் சபையில் பதிவும் பெற்று, திருகோணமலை நகரிலுள்ள சிறிய தனியார் வைத்தியசாலையொன்றில் நான்கு ஆண்டுகளாகக் கடமையாற்றுகிறார். கொழும்பிலுள்ள பெரிய தனியார் வைத்தியசாலையொன்று தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தாதியரைத் தேடுவதாக விளம்பரம் கண்டு விண்ணப்பித்தார். இரவு பஸ்ஸில் போய் நேர்முகத் தேர்வில் கலந்துகொண்டார். மேட்ரன் எனப்படும் தலைமைத் தாதி, மருத்துவர் ஒருவர், மனிதவளப் பிரிவு அலுவலர் ஆகிய மூவரும் கேள்வி கேட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் அறிவிப்பதாகச் சொன்னார்கள். சான்றிதழ்களின் மூலப்பிரதிகளைச் சரிபார்க்க வேண்டுமென்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். இப்போது நான்கு வாரமாகிறது. அலுவலரின் கைபேசிக்கு மூன்று முறை வாட்ஸ்அப் செய்தி அனுப்பியும், நீலக் குறி விழுந்ததே தவிரப் பதில் வரவில்லை.

குருதி ஏற்றும்போது நோயாளிக்கு நடுக்கம் வந்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்குத் தவறாகப் பதில் சொன்னதும், சிங்களத்தில் தடுமாறியதுமே காரணம் என்று அவர் முடிவு கட்டியிருக்கிறார். வீட்டிலோ ஆளுக்கொரு யோசனை. பதவியை விட்டுவிட்டுக் கொழும்பில் போய்த் தங்கி முயற்சி செய் என்கிறார் தகப்பனார். செல்வாக்குள்ள ஒருவரைக் கொண்டு வைத்தியசாலைக்குத் தொலைபேசி எடுப்பிக்கலாம் என்கிறார் அண்ணன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மனுக் கொடு என்கிறார் தோழி. 75,000 ரூபா கொடுத்தால் நியமனக் கடிதம் வாங்கித் தருவதாகத் தரகர் ஒருவரும் பேசியிருக்கிறார். இவ்வளவுக்கும் நடுவே, இப்போதைய வைத்தியசாலை இந்த மாத முடிவுக்குள் இரண்டு வருட பொண்ட் ஒன்றில், அதாவது அக்காலம் முடியுமுன் விலகினால் பணம் கட்டுவதாக உறுதியளிக்கும் ஒப்பந்தத்தில், கையெழுத்துக் கேட்கிறது. "நான் இனி என்ன செய்ய வேண்டும்? திரும்பவும் கேட்டால் தொல்லை கொடுப்பவள் என்று நினைப்பார்களா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சொன்ன தவணை கடந்த பின் ஒரு விண்ணப்பதாரி முறையாக எழுதிக் கேட்பதைத் தொல்லையென்று எந்தப் பொறுப்புள்ள நிர்வாகமும் எடுத்துக்கொள்வதில்லை. இரண்டு வாரம் என்ற தவணையை வைத்தவர்கள் அவர்கள். அது கடந்து இன்னும் இரண்டு வாரம் போயிருக்கிறது. கேட்பதற்கு உங்களுக்கு முழு நியாயமும் இருக்கிறது. ஆனால் நீங்கள் இதுவரை கேட்டிருப்பது அலுவலர் ஒருவரின் சொந்தக் கைபேசியில், பெரும்பாலும் இரவு நேரத்தில், "மேடம், ஏதாவது தெரிந்ததா?" என்ற ஒற்றை வரியில். அந்த அலுவலர் ஒரே சமயத்தில் பல பிரிவுகளுக்கு ஆட்களைத் தேடிக்கொண்டிருப்பார். எந்தப் பணிக்கு, எந்த நாளில் வந்த யார் என்று தெரியாத ஒரு வரிக்கு அவர் பதில் எழுதாததை நிராகரிப்பாக வாசிக்க வேண்டாம். முறையான விசாரிப்பு ஒன்றை நீங்கள் இன்னும் அனுப்பவேயில்லை. ஆகையால் வாய்ப்புக் கைநழுவிவிட்டதாக இப்போதே முடிவுகட்டுவது பொருந்தாது.

தாமதம் ஏன் ஏற்படுகிறது

தாதியர் ஆட்சேர்ப்பில் நேர்முகத் தேர்வு நடுவழியில் வருகிற ஒரு கட்டம் மாத்திரமே. அதன் பிறகு தாதியர் சபைப் பதிவைச் சரிபார்க்க வேண்டும். முன்பு கடமையாற்றிய இடத்தில் விசாரிக்க வேண்டும். எந்தப் பிரிவில் எத்தனை பேர் குறைகிறார்கள் என்று மேட்ரன் கணக்குக் கொடுக்க வேண்டும். சம்பளத்துக்கு மேலிடத்து அனுமதி வேண்டும். மருத்துவப் பரிசோதனையும் உண்டு. முதலிடத்தில் தெரிவானவர் தமது பழைய இடத்தில் முன்னறிவிப்புக் காலத்தை முடித்துவிட்டு வருவாரா மாட்டாரா என்று தெரியும்வரை அடுத்த நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்றும் சொல்லாமல் வைத்திருப்பதும் வழக்கம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு ஏராளமான தாதியர் வெளிநாடு போயிருக்கிறார்கள். தெரிவானவர் கடைசி நேரத்தில் வராமல் போவதும், காத்திருப்புப் பட்டியலில் இருந்தவருக்குத் திடீரென்று அழைப்பு வருவதும் இந்தக் காலத்தில் சாதாரணமாகிவிட்டன.

மறுபுறத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தெரிவாகாதவர்களுக்கு அறிவிக்காமலே விட்டுவிடும் நிறுவனங்களும் உண்டு. பல மணி நேரம் பயணம் செய்து, ஒரு நாள் சம்பளத்தையும் இழந்து வந்த பெண்ணுக்கு இரண்டு வரி எழுதாதிருப்பது மரியாதைக் குறைவு என்பதில் எனக்கு ஐயமே இல்லை. நீங்கள் அனுப்பப்போகும் விசாரிப்பு ஆம் என்ற பதிலைக் கொண்டுவராவிட்டாலும், ஒரு தெளிவைக் கொண்டுவர வேண்டும் என்ற நோக்கத்தோடு எழுதப்பட வேண்டும்.

எப்படி எழுதுவது

கடமை மாறும் வேளையில் நோயாளியை அடுத்தவரிடம் ஒப்படைக்கும்போது நீங்கள் எப்படிப் பேசுவீர்கள்? யார், என்ன நிலை, இதுவரை என்ன நடந்தது, இனி என்ன தேவை என்று நான்கே விடயம். விசாரிப்புக் கடிதமும் அந்த ஒப்படைப்பைப் போலவே இருக்கட்டும். வாட்ஸ்அப்பை விட்டுவிட்டு, அழைப்புக் கடிதத்தில் இருக்கும் மனிதவளப் பிரிவின் மின்னஞ்சல் முகவரிக்கு எழுதுங்கள். விண்ணப்பம் ஆங்கிலத்தில் போயிருப்பதால் இதையும் எளிய ஆங்கிலத்தில் எழுதுவது நல்லது. உள்ளடக்கம் கிட்டத்தட்ட இப்படி அமையலாம்:

"மதிப்புக்குரிய மனிதவள முகாமையாளர் அவர்களுக்கு, இன்ன திகதியில் தீவிர சிகிச்சைப் பிரிவுத் தாதிப் பணிக்கான நேர்முகத் தேர்வில் கலந்துகொண்டேன். அந்த வாய்ப்புக்கு நன்றி. இரண்டு வாரத்துக்குள் முடிவு அறிவிக்கப்படும் எனத் தெரிவிக்கப்பட்டிருந்தது. அப்பணியில் எனக்குள்ள விருப்பம் மாறவில்லை. தற்போதைய பணியிடத்தில் இம்மாத இறுதிக்குள் ஒரு முடிவைத் தெரிவிக்க வேண்டியிருப்பதால், எனது விண்ணப்பம் எந்த நிலையில் உள்ளது என்பதை அதற்கு முன் அறியத் தந்தால் உதவியாக இருக்கும். சரிபார்ப்புக்காக ஒப்படைத்த மூலச் சான்றிதழ்களை எப்போது பெற்றுக்கொள்ளலாம் என்பதையும் தயவுசெய்து தெரிவிக்கவும்."

கீழே முழுப் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், தாதியர் சபைப் பதிவிலக்கம், தொலைபேசி எண் ஆகியவை போதும். குடும்பக் கஷ்டத்தை எழுத வேண்டாம். உங்கள் கடிதத்தில் தம்பியின் படிப்பைப் பற்றியும் வீட்டுக் கடனைப் பற்றியும் நீங்கள் எழுதியதை வாசித்தபோது மனம் கனத்தது. ஆனால் அவை மேட்ரன் எடுக்கப்போகும் முடிவுக்கு உதவமாட்டா. உங்கள் தகுதியிலிருந்து அவரது கவனத்தைத் திருப்பவே செய்யும். அதேபோல, மாத இறுதி என்ற தவணையை மிரட்டலாகத் தொனிக்காமல், நடந்ததை நடந்தபடி சொல்லும் ஒரு வரியாக வையுங்கள். உண்மையில் இல்லாத வேறு வேலைவாய்ப்பொன்றைக் கற்பித்துச் சொல்லவும் கூடாது; கொழும்பில் வைத்தியசாலைகளின் தாதியப் பொறுப்பாளர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள்.

அதை அனுப்பி ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால், வைத்தியசாலையின் பொது இலக்கத்துக்கு அழைத்து மனிதவளப் பிரிவைக் கேளுங்கள். காலையில் கடமை மாறும் நேரமும் மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்வையிடும் நேரமும் வேண்டாம். பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் நல்லது. பேசியவரின் பெயரையும் அவர் சொன்ன திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பின் பத்து நாள் விட்டு இன்னுமொரு மின்னஞ்சல். அதற்கும் பதில் இல்லையென்றால் இந்த விண்ணப்பத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். முன்னறிவிப்பில்லாமல் நேரில் போய் நிற்பதை நான் ஆதரிக்கவில்லை. வாசலில் காவலாளியைத் தாண்டுவதே கடினம். தாண்டினாலும், முடிவெடுக்கும் அதிகாரமில்லாத ஒருவரைச் சந்தித்துவிட்டு மறுபடி இரவு பஸ் ஏற வேண்டியிருக்கும்.

அந்தத் தவறான பதில்

இந்தப் பகுதியைத்தான் நீங்கள் கடிதத்தில் ஒருமுறை எழுதி, பின்னும் ஒருமுறை எழுதியிருக்கிறீர்கள். குருதி ஏற்றப்படும் நோயாளிக்கு நடுக்கமும் காய்ச்சலும் கண்டால், "மருத்துவருக்கு அறிவிப்பேன்" என்று சொன்னீர்கள். ஊர் திரும்பும் வழியில் ஹபரணைக்கு வரும்போதுதான், முதலில் குருதி ஏற்றுவதை நிறுத்த வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது என்கிறீர்கள். ஆம், முதற்செயல் அதுவே. உடனே நிறுத்துவது, புதிய குழாய்த் தொகுதியில் சாதாரண சேலைன் கொடுத்து நாளத்தைத் திறந்து வைத்திருப்பது, மருத்துவருக்கு அறிவிப்பது, நோயாளியின் அடையாளத்தையும் குருதிப் பையின் விபரத்தையும் மீண்டும் ஒப்பிடுவது, பையையும் குழாயையும் வீசிவிடாமல் குருதி வங்கிக்கு அனுப்பப் பத்திரப்படுத்துவது. நீங்கள் சொன்னது இந்த வரிசையில் இருக்கும் ஒன்றுதான். முதலில் வரவேண்டியதை விட்டுவிட்டீர்கள்.

ஒரு கேள்வியால் மாத்திரம் தேர்வு தீர்மானிக்கப்படுவதில்லை. பதிவு, அனுபவம், பேச்சுமுறை, மருந்துக் கணக்கு, அவசர நிலையில் நடந்துகொள்ளும் விதம் என்று பலவற்றுக்கும் தனித்தனியாகப் புள்ளியிடுவதே வழக்கம். ஆனால் உங்கள் உண்மையான கேள்வி வேறு: அந்தத் தவறை இப்போது எழுதித் திருத்தலாமா, அல்லது அதை நினைவுபடுத்தாமல் விடுவதே புத்திசாலித்தனமா? நேர்முகத் தேர்வு நடந்த இரண்டொரு நாளுக்குள் நன்றிக் கடிதம் எழுதியிருந்தால் அதற்கு அதுவே மிகப் பொருத்தமான இடம். நான்கு வாரம் கழிந்திருந்தாலும், இது நீங்கள் எழுதும் முதலாவது முறையான கடிதம் என்பதால், ஒரேயொரு வாக்கியத்தைச் சேர்க்கும்படியே சொல்வேன்: "குருதி ஏற்றல் பற்றிய கேள்விக்கு நான் அளித்த பதிலில், ஏற்றுவதை உடனடியாக நிறுத்துவதே முதற்செயல் என்பதைக் குறிப்பிடத் தவறினேன்." பதற்றம், தூக்கமின்மை, பயணக் களைப்பு என்ற காரணங்கள் ஒன்றும் வேண்டாம். இரண்டாவது கடிதத்தில் இதைத் திரும்ப எழுதவும் வேண்டாம்.

இப்படி எழுதினால் மறந்திருந்தவர்களுக்கும் தவறு ஞாபகம் வந்துவிடுமே என்று நீங்கள் அஞ்சலாம். ஆட்சேர்ப்புக் குழுக்களில் அமர்ந்திருந்த அனுபவத்தில் சொல்கிறேன்: தீவிர சிகிச்சைப் பிரிவில் மேட்ரனுக்குப் பயமூட்டுபவர், தவறியதை மறைக்கும் தாதி. தவறான மருந்தளவு கொடுக்கப்பட்டால், அதை அந்த நிமிடமே வாய்திறந்து சொல்பவரால் நோயாளி பிழைக்கிறார். சொல்லத் தயங்குபவரால் ஆபத்து வளர்கிறது. தானாகவே திரும்பி வந்து திருத்திக்கொள்ளும் ஒருவரிடம் அந்தப் பிரிவுக்கு மிகவும் தேவையான குணம் இருப்பதை அனுபவமுள்ள எந்த மேட்ரனும் காண்பார்.

மொழியைப் பற்றி

சிங்களத்தில் தடுமாறியதால் ஒதுக்கப்பட்டேன் என்று நீங்கள் எழுதுவதற்கு உங்களிடம் இருக்கும் ஆதாரம் பதில் வராதது மட்டும்தான். அது போதாது. கொழும்பு வைத்தியசாலையொன்றில் சிங்களம் பேச வேண்டியிருக்கும் என்பது உண்மை. வலி எங்கே, எப்போது தொடங்கியது என்று நோயாளியிடம் கேட்டறிய முடியாத தாதியால் அவருக்குப் பாதுகாப்பான பராமரிப்பைக் கொடுக்க இயலாது. ஆனால் கந்தளாயிலிருந்தும் சேருவிலவிலிருந்தும் கோமரங்கடவலவிலிருந்தும் வரும் சிங்கள நோயாளிகளை நான்கு ஆண்டுகளாகப் பராமரித்திருக்கிறீர்கள். அவர்களோடு பேசித்தானே மருந்து கொடுத்தீர்கள்? மூன்று இனத்தவரும் வந்துபோகும் ஒரு வைத்தியசாலையில் பணியாற்றிய அனுபவத்தை நேர்முகத் தேர்வில் நீங்கள் சொல்லவேயில்லை என்பதைக் கவனித்தேன். தமிழ் நோயாளிகளும் முஸ்லிம் நோயாளிகளும் நிறைய வரும் கொழும்பில், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட தாதி அந்தப் பிரிவுக்கு ஒரு பலம். அடுத்த நேர்முகத் தேர்வில் இதை முதல் ஐந்து நிமிடத்துக்குள் சொல்லுங்கள். பேச்சுச் சிங்களத்தை மேம்படுத்த வகுப்பொன்றில் சேர்வதும் வீண்போகாது. சேர்ந்துவிட்டால் மாத்திரம் அதைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

சான்றிதழ்கள், சிபாரிசு, தரகர்

மூலச் சான்றிதழ்கள் உங்களுடையவை. வேலைக்கு விண்ணப்பித்ததனால் அவற்றை மாதக்கணக்கில் வைத்திருக்கும் உரிமை யாருக்கும் வந்துவிடாது. சரிபார்ப்பது நியாயம், அதற்கு ஒரு நாளே அதிகம். மின்னஞ்சலுக்குப் பதில் வராவிட்டால், அதே வேண்டுகோளைக் கடிதமாகப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு காரணத்துக்காக, நாள் குறித்து முன்கூட்டியே பேசிக்கொண்டு நேரில் போவதில் தவறில்லை. இனி எந்த இடத்துக்குப் போனாலும் மூலப்பிரதியைக் காட்டுங்கள், உறுதிப்படுத்திய பிரதியைக் கொடுங்கள். தவிர்க்க முடியாமல் கொடுக்க நேர்ந்தால், ஒவ்வொரு சான்றிதழையும் பெயர் குறிப்பிட்டு எழுதிய பற்றுச்சீட்டொன்றில் கையெழுத்து வாங்காமல் வெளியே வராதீர்கள்.

உங்கள் தோழி சொன்ன 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பயனுள்ள சட்டமே. ஆனால் அது பொது அதிகார சபைகளுக்கு உரியது. சுகாதார அமைச்சின் ஆட்சேர்ப்பில் புள்ளி எப்படி வழங்கப்பட்டது என்று அறிய விரும்பினால் அங்குள்ள தகவல் அலுவலரிடம் கேட்கலாம். அவர் 14 வேலை நாட்களுக்குள் கொடுப்பதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். சாதாரணத் தனியார் வைத்தியசாலையொன்றின் தேர்வு முடிவை அந்தச் சட்டத்தால் கேட்க முடியாது.

அண்ணனின் யோசனை பாசத்தில் பிறந்தது என்றாலும் வேண்டாம். செல்வாக்குள்ளவர் தொலைபேசி எடுத்து நீங்கள் தெரிவானால், அந்தப் பிரிவில் சேரும் முதல் நாளிலிருந்தே "இன்னாரின் ஆள்" என்ற பெயரைச் சுமக்க வேண்டியிருக்கும். உங்கள் நான்கு வருட உழைப்பு யாருடைய கண்ணிலும் படாது. தரகரைப் பற்றிப் பேசுவதற்கே ஒன்றுமில்லை. நேர்மையான எந்த வைத்தியசாலையும் நியமனக் கடிதத்துக்குத் தாதியிடம் பணம் வாங்குவதில்லை. அவர் பெரும்பாலும் உங்கள் பெயரை எங்கோ கேள்விப்பட்டு, அந்த வைத்தியசாலையோடு எந்தத் தொடர்பும் இல்லாமலே பேசுகிறார். அப்படியே தொடர்பு இருந்தாலும், 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழலுக்கு எதிரான சட்டம் தனியார் துறையில் நடக்கும் இலஞ்சத்தையும் குற்றமாக்கியிருக்கிறது. வந்த செய்திகளை அழிக்காமல் வையுங்கள், பதில் அனுப்பாதீர்கள்.

பொண்டும் பதவி விலகலும்

தகப்பனாரிடம் பணிவோடு சொல்லுங்கள்: நியமனக் கடிதம் எழுத்தில் கைக்கு வரும்வரை இருக்கும் வேலையை விடக்கூடாது. நேர்முகத் தேர்வு முடிந்து எழுந்தபோது மேட்ரன் சிரித்துக்கொண்டே, "எப்போது வந்து சேர முடியும்?" என்று கேட்டதை நீங்கள் பாதி நியமனமாக நினைத்திருக்கிறீர்கள். அது எல்லா விண்ணப்பதாரிகளிடமும் கேட்கப்படும் கேள்வி.

பொண்டைப் பொறுத்தவரை, கையெழுத்திட்ட பின் விலகினால் பொலிஸார் பிடிப்பார்கள் என்று சக தாதியர் பயமுறுத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். வேலை ஒப்பந்தத்தை மீறுவது குடியியல் விவகாரம். நிறுவனம் தனக்கு ஏற்பட்ட நட்டத்துக்காக நீதிமன்றத்தில் பணம் கோரலாம். அதற்காக உங்களைச் சிறையில் வைக்க முடியாது. அதனால் அது வெறும் காகிதம் என்று எண்ணிக் கையெழுத்திடுவதும் ஆபத்தே. தொகை எவ்வளவு, சேவையாற்றும் ஒவ்வொரு மாதத்துக்கும் அது குறையுமா, எந்தப் பயிற்சிச் செலவுக்காக அதைக் கேட்கிறார்கள், நிறுவனமே உங்களை நிறுத்தினால் என்ன ஆகும் என்ற நான்குக்கும் எழுத்தில் விடை வேண்டும். பிரதியொன்றை வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதி கேளுங்கள். திருகோணமலையிலுள்ள தொழில் திணைக்கள அலுவலகத்திலோ சட்ட உதவி ஆணைக்குழுவிலோ காட்டி ஆலோசனை பெற்றுவிட்டு முடிவெடுங்கள். யோசிக்க இன்னும் ஒரு மாதம் தாருங்கள் என்று நிர்வாகத்திடம் கேட்பதில் குற்றமில்லை; வேறிடத்தில் நேர்முகத் தேர்வுக்குப் போனதைச் சொல்லியாக வேண்டிய கட்டாயமும் உங்களுக்கு இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவு அனுபவமுள்ள தாதியை இழக்க எந்தச் சிறிய வைத்தியசாலையும் இலகுவில் விரும்பாது என்பதால், அந்த ஒரு மாதம் கிடைக்குமென்றே நினைக்கிறேன்.

காத்திருக்கும் இந்த நாட்களில் செய்யக்கூடியவையும் உண்டு. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணைகளும் ஏற்றப்பட்டதற்கான பதிவைத் தேடி எடுங்கள். முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் ஆறு மாதம் செல்வதால், தவறியிருந்தால் இப்போதே தொடங்க வேண்டும். சேவைக் கடிதம், பொலிஸ் நற்சான்று, கிராம உத்தியோகத்தரின் சான்று ஆகியவற்றைப் பற்றி இப்போதே விசாரித்து வையுங்கள். வேறு இரண்டு மூன்று இடங்களுக்கும் விண்ணப்பியுங்கள்.

அழைப்பு வந்தால், அது நீங்கள் வார்ட்டில் கடமையில் இருக்கும் வேளையாகவே இருக்கக்கூடும். எடுக்க முடியாமல் போனால் அன்றைக்கே திருப்பி அழையுங்கள். மகிழ்ச்சியில் உடனே சம்மதம் சொல்லிவிடாமல், அடிப்படைச் சம்பளம், இரவுக் கடமைக் கொடுப்பனவு, தங்குமிடம், தகுதிகாண் காலம், அங்கும் பொண்ட் உண்டா என்பவற்றைக் கேளுங்கள். தகுதிகாண் காலத்திலும் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 சதவீதமும் நிறுவனத்தின் பங்காக 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நிறுவனத்தின் பங்காக 3 சதவீதமும் செலுத்தப்பட வேண்டும். தகுதிகாண் காலத்தில் அவை இல்லை என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பும்படி கேட்டு, அதை வாசித்து, கையெழுத்திட்டு அனுப்பிய பிறகே இங்கே பதவி விலகல் கடிதம் கொடுங்கள். உங்கள் ஒப்பந்தத்திலுள்ள முன்னறிவிப்புக் காலம் எவ்வளவு என்று இன்றைக்கே பார்த்து வைத்தால், எப்போது வந்து சேர முடியும் என்ற கேள்விக்கு இம்முறை சரியான திகதியொன்றைச் சொல்லலாம்.